பழைய ஸ்பீக்கரை மாட்டினால் ஆம்ப் கொதிக்கிறதா? நான்கு வைத்தியங்கள், எது எங்கே எடுபடும்

பழைய ஸ்பீக்கரில் அரை மணி நேரம் பாட்டு ஓடியதும் ஆம்பின் மேல் கை வைக்க முடியவில்லை என்றால், வழக்கமாக நான்கு யோசனைகள் வரும். கிராஸ்ஓவரில் (பாட்டைப் பிரித்து ஒவ்வொரு டிரைவருக்கும் அனுப்பும் சர்க்யூட்) கெப்பாசிட்டரை மாற்று, சீரிஸில் ரெசிஸ்டர் போடு, ஆட்டோஃபார்மர் (ஆம்புக்குத் தெரியும் ஓமை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர்) வை, ஆம்பையே மாற்று. பின்னால் சொன்ன மூன்றும் எந்த நிலையிலும் சூட்டைத் தணிக்கும், சிக்கலே அதுதான். உயர் ஓசைக்கான சிறு டிரைவரான ட்வீட்டருக்குப் போகும் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிக் கிடக்க, அதைப் பார்க்காமல் 2 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் சூடு குறையும். வூஃபருக்கான பேஸ் முழுவதும் ட்வீட்டருக்குள் போய்க்கொண்டே இருக்கும், சில நாளில் அது எரியும். ஆகவே ஸ்பீக்கர் பழுதா, அதன் இயல்பே அப்படியா என்று முதலில் பிரித்தாக வேண்டும்.

மீட்டர் என்ன சொல்கிறது

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, பாட்டு எதுவும் இல்லாமல் ஆம்பை 20 நிமிடம் ஆனில் வையுங்கள். அப்போதும் கொதித்தால் ஸ்பீக்கர் மேல் பழி போட வேண்டாம், பயாஸ் கரண்ட் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடுவது) ஏறியிருக்கிறது. கழற்றினால் குளிர்ச்சி, மாட்டினால் பாட்டே இல்லாமல் சூடு என்றால் அவுட்புட்டில் டிசி (ஒரே திசை மின்சாரம்) வருகிறது, அல்லது கெப்பாசிட்டன்ஸ் அதிகமான கேபிளால் ஆம்ப் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஊசலாடுகிறது. பாட்டு ஓடும்போது மட்டும் சூடு என்றால்தான் ஸ்பீக்கர் பக்கம் வர வேண்டும்.

மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து அதில் காட்டும் 0.2, 0.3 ஓமைக் குறித்துக்கொண்டு, பிறகு ஸ்பீக்கர் டெர்மினலில் அளந்து, அதைக் கழியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 5.5 முதல் 7 வரை, 4 ஓமில் 3 முதல் 3.5 வரை வந்தால் நல்லது. கெப்பாசிட்டர் டிசியை விடாது என்பதால் பெரும்பாலான பெட்டிகளில் மீட்டர் பார்ப்பது வூஃபரை மட்டும்தான். 8 ஓம் பெட்டியில் 3 ஓம் காட்டினால் 6 ஓம் வூஃபரும் 6 ஓம் ட்வீட்டரும் பேரலலாகத் தெரிகின்றன, அதாவது நடுவிலுள்ள கெப்பாசிட்டர் ஷார்ட். வூஃபரின் ஒரு ஒயரைச் சால்டர் எடுத்து அதைத் தனியாக அளந்தும் குறைவாகவே வந்தால் வாய்ஸ் காயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அதற்கு ரீகோன்தான் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது) வழி.

மீட்டருக்கு அகப்படாத பழுது ஒன்று உண்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். செத்துப்போன ட்வீட்டர் ஆம்பைச் சூடாக்கும். ட்வீட்டர் இருக்கும்வரை அது சீரிஸ் கெப்பாசிட்டருக்கும் பேரலல் காயிலுக்கும் அணைபோல நிற்கிறது. எரிந்து ஓப்பன் ஆனதும் கெப்பாசிட்டரும் காயிலும் மட்டுமே மிஞ்சும், இரண்டும் சேர்ந்து ஒரு சீரிஸ் ரெசனன்ஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஒன்றின் தடையை மற்றது அழித்துவிடும். 4.7 மைக்ரோஃபாரட், 0.5 மில்லிஹென்றி என்றால் சுமார் 3300 ஹெர்ட்ஸில் காயிலின் ஒயர் தடை மட்டுமே, அதாவது அரை ஓமுக்கும் குறைவு, எஞ்சும். ஆம்புக்கு அது ஷார்ட்தான். வூஃபர் ஓப்பன் ஆனாலும் இதே கதை, 1.5 மில்லிஹென்றியும் 10 மைக்ரோஃபாரடும் 1300 ஹெர்ட்ஸில் கைகோக்கும். காதை ஒவ்வொரு டிரைவர் அருகிலும் வைத்துக் கேளுங்கள். மௌனமாக இருப்பதே குற்றவாளி.

கெப்பாசிட்டர் மாற்றுவது

கெப்பாசிட்டர் பழுது உறுதியானால் இது ஒன்றே வைத்தியம், மற்ற மூன்றையும் மறந்துவிடலாம். நான்-போலார் (பிளஸ், மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் போடலாம், பாலிப்ரோபிலீன் ஃபிலிமும் போடலாம். அளவு மாறக்கூடாது, 100 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. ஃபிலிமின் உள்தடை மிகக் குறைவு என்பதால் பழைய எலக்ட்ரோலிட்டிக்கை வைத்து வடிவமைத்த பெட்டியில் ட்ரெபிள் சற்றுத் தூக்கலாம். அப்போது அரை ஓம் ரெசிஸ்டரைச் சீரிஸில் சேர்ப்பது வழக்கம். கைவசம் சாதா போலார் கெப்பாசிட்டர்தான் என்றால், இரண்டு 22 மைக்ரோஃபாரடை மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 11 கிடைக்கும். அவசரத்துக்குச் சரி.

எல்லாம் சரியாக இருந்தும் சூடு நிற்கவில்லையா? இயல்பிலேயே இம்பீடன்ஸ் (அலைவரிசைக்கேற்ப மாறும் தடை) குறைந்த பெட்டி அது. 1967-இல் வந்த ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் 4 ஓம் என்றே அறிவிக்கப்பட்டது. சர்வதேசத் தர அமைப்பான ஐஇசி-யின் விதிப்படி குறைந்தபட்ச இம்பீடன்ஸ் அறிவித்த மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, 4 ஓமுக்கு 3.2. பழைய தயாரிப்புகள் பலவும் இதை மதித்ததில்லை, அளந்துதான் பார்க்க வேண்டும். 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக 10 வோல்ட் டோன் கொடுத்தால், ஸ்பீக்கருக்குக் குறுக்கே 10 மில்லிவோல்ட்டுக்கு 1 ஓம் என்ற கணக்கு. விலை மலிந்த மீட்டர்கள் உயர் அலைவரிசையில் பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு அலைவரிசையிலும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து ஒப்பிடுங்கள்.

ஒரே பெட்டி, மூன்று வழிகள்

மிகக் குறைந்த புள்ளி 3.2 ஓம், ஆம்பின் சப்ளை ±35 வோல்ட் என்று வைப்போம். கிளாஸ் பி ஆம்பில் ஒரு சேனலின் அதிகபட்சச் சூடு சப்ளை வோல்ட்டின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, π² பெருக்கல் ஓமால் வகுத்தது. அதன்படி 3.2 ஓமில் 78 வாட். 8 ஓமில் அதே ஆம்புக்கு 31 வாட்தான். இந்த உச்சம் வருவது ஃபுல் வால்யூமில் அல்ல, முழு பவரில் ஏறக்குறைய 40 சதவீதத்தில்.

*2 ஓம் ரெசிஸ்டர்:* சுமை 5.2 ஓம், ஆம்பின் சூடு 48 வாட். விலை மலிவு, ஐந்து நிமிட வேலை. ஆனால் 3 ஆம்பியர் போனால் ரெசிஸ்டரே 18 வாட் சூடாகும், அதனால் அலுமினிய உறை போட்ட 50 வாட் வகையை ஹீட் சிங்கில் திருகி வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஓசையில்தான். இம்பீடன்ஸ் 3.2 ஆன இடத்தில் 4.2 டெசிபல் இறங்கும், 20 ஓம் ஆன இடத்தில் 0.8 மட்டும். பெட்டியின் இம்பீடன்ஸ் வளைவு அப்படியே ஓசையில் ஏறிவிடுகிறது. பேஸும் தளர்ந்து கொழகொழக்கும்.

*ஆட்டோஃபார்மர்:* ஓமை இருமடங்காக்கும் டாப்பில் (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த இணைப்பு) மாட்டினால் ஆம்புக்கு 6.4 ஓம், சூடு 39 வாட். இழப்பு எல்லா அலைவரிசையிலும் சமமாக 3 டெசிபல், வளைவு கெடாது. ஆம்புக்கு டிசி ஆஃப்செட் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் நிற்கும் டிசி வோல்ட்) இருக்கக்கூடாது. வைண்டிங்கின் தடை 0.2 ஓம் என்றால் வெறும் 50 மில்லிவோல்ட்டே கால் ஆம்பியர் டிசியை ஓடவிடும், கோர் சாச்சுரேட் ஆகும், அதாவது அதற்குமேல் காந்தத்தைத் தாங்காது. 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் தாராளமாக வைக்கலாம்.

*ஆம்ப் பக்கம்:* புது ஆம்ப் தேடும் முன் பின்பக்கத்தில் 4/8 ஓம் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல ரிசீவர்களில் அது டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் டாப்புக்குத் தாவிச் சப்ளையைக் குறைக்கும். ‘பவர் போய்விடும், 8-லேயே வை’ என்று சொல்வது வழக்கம். சூடு பிரச்சினை உள்ளவருக்கு அது தவறான யோசனை. சப்ளை ±25 ஆனால் அதே 3.2 ஓமில் சூடு 40 வாட், ஆட்டோஃபார்மர் தருவதும் இதே அளவுதான். கணக்கில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச பவரும் இரண்டிலும் 96, 98 என்று ஒட்டியே வரும். கரண்டில்தான் இரண்டும் பிரிகின்றன. சுவிட்ச் வழியில் உச்ச கரண்ட் 7.8 ஆம்பியர், ஆட்டோஃபார்மரில் 5.5. வெறும் சூடுதான் தொல்லை என்றால் பைசா செலவில்லாத சுவிட்ச் போதும். பலத்த ஓசையில் ப்ரொடெக்‌ஷன் ரிலே டப்பென்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது என்றால் ஆட்டோஃபார்மர் வாங்குங்கள். சுவிட்சை மாற்றும்போது ஆம்ப் ஆஃபில் இருக்கட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் தூய ரெசிஸ்டிவ் சுமைக்கு. ஃபேஸ் கோணம் (வோல்ட்டுக்கும் கரண்டுக்கும் இடையிலான விலகல்) 45 டிகிரி சாய்ந்தால், உச்ச நொடியில் டிரான்சிஸ்டர் படும் பாடு பாதிக்கும் குறைவான ஓமைச் சுமப்பதுபோல. ஃபேன் வைத்தால் ஹீட் சிங்க் குளிரும், கரண்ட் குறையாது.

இரண்டு ஜோடியை ஏ+பி போட்டு ஓட்டுகிறவர்கள் ஒரு ஜோடியைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்போஜி சிண்டில்லா ஸ்பீக்கரின் 1 ஓம் அமைப்பு போன்றவற்றுக்கு ரெசிஸ்டர் வேலைக்கு ஆகாது, அதற்கென்றே கட்டிய ஆம்பைத்தான் தேட வேண்டும். 1957-இல் வந்த குவாட் இஎஸ்எல் என்னும் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் கெப்பாசிட்டரைப் போன்ற சுமை, மேல் அலைவரிசையில் சுமார் 2 ஓமுக்கு இறங்கும். 2 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ட்ரெபிள் கணிசமாக அமுங்கிவிடும், பெட்டியை வாங்கியதே அந்த ட்ரெபிளுக்காக என்பது வேறு விஷயம்.