டீட்டா, பிகாரிடினா? டெங்கு உள்ள ஊருக்கு எதைக் கொண்டுபோவது

பாங்காக், பாலி, சிங்கப்பூர் போகிறவர்கள் இரவுக் கொசுவுக்குத்தான் பயப்படுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். காலையிலும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் மும்முரம். கொசுவலை அப்போது நம் கூடவே வராது. தோலில் பூசும் விரட்டிதான் காவல். டீட், பிகாரிடின் இரண்டும் அத்தகைய விரட்டி மருந்துகள்.

டீட் 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. புட்டியில் 20–30 சதவீத டீட் இருந்தால் போதும், சுமார் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். 50 சதவீதத்துக்கு மேல் வாங்குவதால் பெரிய லாபமில்லை. இதன் பெரிய குறை, பிளாஸ்டிக்கைக் கரைப்பது: மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம், கைபேசி உறை, ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் துணி எல்லாம் கெடும்.

20 சதவீத பிகாரிடின் ஏறக்குறைய 8 மணி நேரம் வரை தாங்கும். பிசுக்கில்லை, வாடை குறைவு, பிளாஸ்டிக்குக்கும் ஆபத்தில்லை. இதையே நாங்கள் பரிந்துரைப்போம். பிடிக்காத மருந்தை யாரும் மறுபடி பூசுவதில்லை. லேபிளைப் பாருங்கள், 10 சதவீதப் புட்டி அவ்வளவு நேரம் தாங்காது.

எதுவானாலும் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகே விரட்டி. கணுக்காலையும் பின்கழுத்தையும் விடாதீர்கள். வியர்த்தாலோ குளித்தாலோ மறுபடி பூசவும். குழந்தைகளின் உள்ளங்கையில் வேண்டாம், வாய்க்குப் போய்விடும். விமானத்தில் கொண்டுபோகும் கைப்பைக்கு 100 மில்லிக்கு மேற்படாத புட்டி.

திரும்பிய 2 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். போன நாட்டைச் சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள்.