118,000 ரூபா போச்சு: கொழும்பில் பாவித்த ஐபோன் வாங்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

118,000 ரூபா கொடுத்து வாங்கிய ஐபோன் 12 இப்போது ஒரே ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறது. ‘ரிமோட் மனேஜ்மென்ட்’ என்று தலைப்பு, கீழே கேள்விப்பட்டே இராத ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர், அந்த நிறுவனத்தின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கிற இரண்டு கட்டங்கள். அதைத் தாண்டி உள்ளே போக வழியில்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. காலி வீதியோரம் பாவித்த போன் விற்பதும் ரிப்பேர் செய்வதுமான வகைக் கடை. இப்படிப்பட்ட போன் அந்த ஒரு கடையில் மட்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஐபோன் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் இவர்கள் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

விற்கும்போது எல்லாவற்றையும் கண் முன்னாலேயே செய்து காட்டுவார்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ இலக்கமும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள இலக்கம்) பெட்டியில் உள்ளதும் ஒன்றுதான். அதை 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிலிருந்து பதிவு இருப்பதாகப் பதில் வருகிறது. பட்டரி ஹெல்த் 89 வீதம். ‘அபவுட்’ பக்கத்தில் டிஸ்பிளேயோ பட்டரியோ மாற்றியதாக எந்தக் குறிப்பும் இல்லை. ஃபேஸ் ஐடி, ட்ரூ டோன், கெமரா, சிம் போட்டு அழைப்பு, எல்லாம் சரி. இதில் எதுவுமே பொய்யில்லை. பூட்டு இருக்கும் இடத்தை இந்தச் சோதனைகளில் ஒன்றுகூடத் தொடுவதில்லை, அவ்வளவுதான். அது கடைக்குத் தெரியும், வாங்க வருகிறவருக்குத் தெரியாது.

“அக்கா, ஃபெக்டரி அன்லொக். நம்பி எடுங்க, ஏதும்னா கடை இங்கதானே இருக்கு, நாங்க எங்க ஓடப் போறோம்?” ஃபெக்டரி அன்லொக் என்றால் எந்த நெட்வேர்க்குக்கும் பூட்டாமல் வந்த போன் என்று அர்த்தம். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் 118,000 ரூபா கை மாறியது. கார்ட் என்றால் மூன்று வீதம் கூட வருமாம், அதனால் காசாக. பில்லில் ‘ஐபோன் 12 யூஸ்ட், 3 மாத வொரண்டி’ என்று மட்டும். ஐஎம்இஐ இல்லை, சீரியல் இலக்கம் இல்லை.

இனி அந்தப் பூட்டு. வெளிநாட்டில் பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காக மொத்தமாகப் போன் வாங்கும்போது, ஒவ்வொரு போனின் சீரியல் இலக்கமும் அந்த நிறுவனத்துக்குரியது என்று அப்பிளில் பதிவாகும். புதிதாக செட்டப் செய்யும் ஒவ்வொரு தடவையும் போன் இன்டர்நெட் வழியாக அப்பிளைக் கேட்கிறது: நான் யாருடையவன்? பட்டியலில் இருந்தால் அந்த ரிமோட் மனேஜ்மென்ட் பக்கம் வரும். இந்தப் போன்கள் எப்படியோ வெளியே வந்து, கை மாறி இங்கே வருகின்றன. டெக்னிசியன் கணினியில் இணைத்து அந்த ஒரு படியை மட்டும் தாண்ட வைக்கிறார். இதற்குப் பெயர் பைபாஸ். பிறகு போன் சாதாரணமாக ஓடும், மாதக்கணக்கில்கூட. ஆனால் அப்பிளின் பட்டியலில் சீரியல் அப்படியே இருக்கிறது. போனை அழித்தாலோ கணினியில் ரீஸ்டோர் செய்தாலோ (மென்பொருளைப் புதிதாக ஏற்றினாலோ) அந்தக் கேள்வி திரும்ப வரும், பூட்டும் வரும்.

நடந்ததும் அதுதான். ஸ்டோரேஜ் நிறைந்திருந்த நேரத்தில் அப்டேட் ஓடி, போன் அப்பிள் சின்னத்தோடு நின்றுவிட்டது. ஐபோனில் இது நடக்கக்கூடிய விஷயம், ரீஸ்டோர் செய்வதுதான் வழமையான தீர்வு. ரீஸ்டோர் முடிந்ததும் அந்த நிறுவனத்தின் பெயர்.

கடையின் பதில்கள் ஒன்றின் மேல் ஒன்று. முதலில் “சொஃப்ட்வெயார் பிரச்சினை, நாளைக்கு வாங்க”. போனால் “முதலாளி இல்லை”. பிறகு “வொரண்டி ஹார்ட்வெயாருக்கு மட்டும்தான் அக்கா”. அதற்கும் பிறகு “நீங்க ஏன் அப்டேட் பண்ணினீங்க?”. வட்ஸ்அப்பில் நீல நிற டிக் விழும், பதில் வராது. கடைசியில் சொன்னது எல்லாவற்றையும் விடக் கேவலம்: “15,000 தந்தா திறந்து தாறோம்.” அதாவது அதே பைபாஸை இன்னொரு தடவை, அடுத்த ரீஸ்டோர் வரைக்கும். திறக்கும் வித்தை தெரிந்தவர்களுக்கு விற்கும்போது பூட்டு இருந்தது தெரியாதா?

அப்பிளுக்கு எழுதியும் பயனில்லை. ஒருவர் தன் சொந்தக் கணக்கால் பூட்டிய போன் என்றால் முதன்முதலில் வாங்கிய அசல் பில்லைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். இது அப்படியல்ல, அந்த நிறுவனத்தின் நிர்வாகியே தன் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் உண்டு.

118,000 ரூபா மட்டும் போகவில்லை. இன்றைக்கு வங்கி அப், கடையில் கியூஆர் காசு, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் டியூஷன் குரூப்பில் வருகிற பாடக் குறிப்பு எல்லாம் அந்த ஒரு கருவிக்குள். அப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டில் இலவசம் 5 ஜிபிதான், மிச்சப் படங்கள் திரும்ப வராது.

சரி, செய்ய வேண்டியது. காசு கொடுக்க முன் கடையிலேயே போனை அழிக்கச் சொல்லுங்கள்: செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஓர் ரீசெட், இரேஸ் ஓல் கொன்டென்ட். பிறகு புதுப் போன்போல ஹோம் ஸ்கிரீன் வரும்வரை செட்டப் செய்யுங்கள். கடையின் வைஃபை வேண்டாம், உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போடுங்கள். கடை ரவுட்டரில் அந்தக் கேள்வி அப்பிளுக்குப் போகாமல் தடுத்து வைக்க முடியும். “அழிக்க ஏலாது, டேட்டா இருக்கு” என்றால் எழும்பி வந்துவிடுங்கள். நிறுவனக் கட்டுப்பாட்டைக் காட்டும் செட்டிங்ஸ் பக்கமான விபிஎன் அன்ட் டிவைஸ் மனேஜ்மென்ட் வெறுமையாக இருப்பதை நம்ப வேண்டாம், பைபாஸ் செய்த போனில் அது வெறுமையாகத்தான் இருக்கலாம்.

1909 பதிலை மட்டும் நம்ப வேண்டாம். அது ஐஎம்இஐ பதிவைத்தான் சொல்லும், பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அண்ட்ராய்டிலும் பழைய கூகிள் கணக்கு, நிறுவனப் பூட்டு எல்லாம் உண்டு, அதற்கும் இதே ரீசெட் சோதனைதான்.

பில்லில் ஐஎம்இஐ, சீரியல், ‘நிறுவனப் பூட்டு இருந்தால் முழுப்பணம் திருப்பித் தரப்படும்’ என்ற வரி, கடை முத்திரை. இல்லையென்றால் காசை வெளியே எடுக்க வேண்டாம். மூன்று வீதம் போனாலும் கார்டில் கொடுங்கள், வங்கியிலாவது தகராறு எழுப்பலாம்.

ஏற்கெனவே மாட்டியவர்கள்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. “நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க” என்று கடை இழுப்பதும் இந்த மூன்று மாதத்தைக் கரைக்கத்தான் என்று நினைக்கிறேன். அலைவதை விட்டு முதலில் எழுதிக் கொடுங்கள். 118,000 ரூபாவுக்கான முறைப்பாடு எழுதியாயிற்று. உங்கள் வீட்டில் யாராவது இந்த வாரம் போன் வாங்கப் போவதாக இருந்தால் இதை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.