பூட் ஆகாத டெஸ்க்டாப்பை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: ‘போர்டு போயிடுச்சு’ மோசடி

டெஸ்க்டாப் பூட் ஆகவில்லை, அதாவது ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். திரையில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற, மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) எழுத்துகள் தெரிகிற ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து “மதர்போர்டு போயிடுச்சு” என்று ஒருவர் சொன்னால், பெட்டியை அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என்னிடம் அப்படிச் சொல்லித்தான் நன்றாக இருந்த மதர்போர்டையும் ரேமையும் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றி எடுத்துக்கொண்டு, யாரோ பயன்படுத்தித் தள்ளிய பாகங்களைப் புதியவை என்று மாட்டி அனுப்பினார்கள். உண்மையில் தீர்ந்து போயிருந்தது போர்டில் இருக்கும் காயின் பேட்டரி மட்டும்தான்.

நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் உண்டு. விண்டோஸ் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கில், வேலைக் கோப்புகளும் படங்களும் 1 டிபி ஹார்டு டிஸ்க்கில். திடீரென்று ஒருநாள் ஆன் செய்ததும் ‘சிமாஸ் செக்சம் பேட்’ (சேமித்து வைத்த பயாஸ் அமைப்புகள் கெட்டுவிட்டன), தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, எஃப்1 அழுத்தவும் என்று வந்தது. அழுத்தி உள்ளே போனால் தேதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. வெளியே வந்தால் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ (விண்டோஸ் இருக்கிற டிஸ்க் கிடைக்கவில்லை) என்ற வரியோடு நின்றுவிட்டது. இரண்டு திரைகளையும் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்தவர் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை உள்ளே கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு மானிட்டரைக் காட்டினார். ஃபேன் சுற்றுகிறது, திரை முழுக்கக் கறுப்பு, உள்ளே இருந்து பீப் பீப் என்று சத்தம். “பாருங்க மேடம், போர்டு கத்துது. போர்டு போயிடுச்சு. கூடவே ஹார்டு டிஸ்க்கையும் அடிச்சிட்டுப் போயிடுச்சு” என்றார். வீட்டில் திரையில் எழுத்து வந்ததே என்று போனைக் காட்டினேன். “அது அப்போ மேடம், இப்போ முழுசா போச்சு” என்றார்.

இந்தக் கறுப்புத் திரை நாடகத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ரேமை ஸ்லாட்டிலிருந்து உருவிவிட்டாலோ, முழுதாக அழுந்தாமல் விட்டாலோ எந்த நல்ல கம்ப்யூட்டரும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஃபேன் சுற்றும், படம் வராது, போர்டில் ஸ்பீக்கர் இருந்தால் பீப் அடிக்கும். அந்தப் பீப்பை அடிப்பதே பயாஸ்தான். பீப் அடிக்கிறது என்றால் பிராசஸர் வேலை செய்து, பயாஸ் ஓடி, ரேமைத் தேடி, கிடைக்கவில்லை என்று சொல்லும் அளவுக்குப் போர்டில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். போர்டு உயிரோடு இருப்பதற்கான அடையாளத்தையே அது செத்ததற்குச் சாட்சியாகக் காட்டினார்கள்.

பெட்டி திரும்பி வந்தபோது புதிதாக விண்டோஸ் போட்டிருந்தார்கள். எஸ்எஸ்டியில் இருந்தது எதுவும் இல்லை. வேகம் குறைந்ததுபோல் இருக்கவே டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பார்த்தேன். என்னிடம் இருந்தது இரண்டு 8 ஜிபி ரேம், மொத்தம் 16. இப்போது 8தான் காட்டியது. மூடியைத் திறந்து பார்த்தால் வேறொரு கம்பெனியின் 4 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. கடைக்குப் போன் செய்தால், “உங்க பழைய ரேம் இந்தப் போர்டுக்கு செட் ஆகாது மேடம்” என்றார்கள். பழைய போர்டும் டிடிஆர்4 என்கிற தலைமுறை ரேமுக்கானது, புதிதாக மாட்டியதும் டிடிஆர்4. டிடிஆர்3 ரேமில் 240 பின், டிடிஆர்4 ரேமில் 288 பின். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையவே நுழையாது, அது உண்மை. ஆனால் ஒரே தலைமுறை ரேமைச் செட் ஆகாது என்று பொதுவாகச் சொல்லித் தட்டிக்கழிப்பதை நம்ப முடியாது.

பெரிய அநியாயம் ஹார்டு டிஸ்க்கில். புத்தம் புது ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் அது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் தன் வாழ்நாளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தானே குறித்து வைத்துக்கொள்ளும். ‘பவர் ஆன் அவர்ஸ்’ என்று காட்டும். புது டிஸ்க்கில் அது சுழியமோ, சோதனைக்கு ஓட்டிய ஒன்றிரண்டு மணியோ இருக்க வேண்டும். இதில் 20 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அப்படியானால் இரவு பகல் நிறுத்தாமல் இரண்டேகால் வருடம் எங்கோ ஓடிய டிஸ்க்கை எனக்குப் புதியது என்று பில் போட்டு விற்றிருக்கிறார்கள். ரீஅலொகேட்டட் செக்டார்களும் இருந்தன. கெட்டுப்போன இடங்களை டிஸ்க் ஒதுக்கி, மாற்று இடம் கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

விண்டோஸும் அப்படித்தான். முறையாக வாங்கிய விண்டோஸ் என்னுடையது. அதன் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டோடு பிணைந்தது என்பதால், போர்டு மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். அதைச் சொல்லாமல், திருட்டு ஆக்டிவேட்டர் ஒன்றைப் போட்டு, அது பிடிபடாமல் இருக்க விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்களும் மருத்துவ அறிக்கைகளும் வந்துபோகிற கம்ப்யூட்டர் இது. இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் அடங்கவில்லை.

பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். பில்லில் ‘பழைய பொருள் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எதுவும் இல்லை, என் பொருளைத் தூக்கிப்போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, எழுதித் தாருங்கள் என்று கடையில் நின்றேன். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் உள்ளே போய் என் போர்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ரேம் வரவில்லை. ஹார்டு டிஸ்க் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். என் டிஸ்க்கை வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியில் இருந்த சீரியல் நம்பரோடு அது ஒத்துப்போகவில்லை.

சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தெரிந்தவர். போர்டை அவரிடம் கொடுத்தேன். காயின் பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார். சிஆர்2032 என்கிற அந்தப் பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும். 2 வோல்ட்கூட இல்லை. புதியது போட்டு, தன்னிடம் இருந்த ரேமை மாட்டி ஆன் செய்தார். உடனே படம் வந்தது. “அக்கா, இந்தப் போர்டுக்கு ஒண்ணும் ஆகலை” என்றார். அந்தப் போர்டில்தான் இதை இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அந்தப் பேட்டரி. சில வருடங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். என் கம்ப்யூட்டரில் பூட் வரிசை மாறி, விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டியை விட்டுவிட்டு, விண்டோஸே இல்லாத ஹார்டு டிஸ்க்கில் அது பூட் ஆகப் பார்த்தது. பேட்டரியை மாற்றி, பயாஸில் எஸ்எஸ்டியை முதலில் வைத்தால் வேலை முடிந்தது. சில கம்ப்யூட்டர்களில் லெகசி என்கிற பழைய பூட் முறை யூஇஎஃப்ஐ என்கிற புதிய முறை ஆகிவிடும், அல்லது சாட்டா முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) மாறி நீலத் திரை வரும். எல்லாமே பயாஸில் பழையபடி மாற்றிவிட்டால் சரியாகிற சங்கதிகள். டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் காரணமே கிடையாது.

அதனால், பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் ஆன் செய்தால் அது எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். பொத்தானை அழுத்தியும் ஒரு ஃபேனோ விளக்கோகூட அசையவில்லை என்றால் சுவர் பிளக், பவர் கேபிள், எஸ்எம்பிஎஸ்ஸின் (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) பின்னால் இருக்கும் ஸ்விட்ச், பிறகுதான் எஸ்எம்பிஎஸ். (அதைத் திறக்க மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.) ஃபேன் சுற்றியும் படம் இல்லை என்றால், மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, தவறிப்போய் போர்டின் போர்ட்டில் செருகியிருக்கிறதா பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பல புதிய போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எது எரிந்தபடி நிற்கிறதோ கோளாறு அந்தப் பக்கம்.

லோகோ வந்து, பயாஸுக்குள் போக முடிந்து, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் போர்டு, பிராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ் நான்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. தேட வேண்டியது பூட் வரிசை, டிஸ்க், அதன் கேபிள், விண்டோஸின் பூட் கோப்புகள். போர்டில் ஒரு சாட்டா போர்ட் மட்டும் பழுதாவது உண்டு. கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றினால் அது தெரிந்துவிடும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாட்டா டிஸ்க் என்றால் இரண்டு கேபிள், சில திருகுகள், போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் ஒரே திருகு. போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் எதைச் சோதிக்கவும் உங்கள் டிஸ்க் தேவையில்லை. ஆன் செய்து பயாஸ் வருகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். டிஸ்க்கிலேயே கோளாறு என்றால், உபுண்டு (விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளம்) போட்ட பென்டிரைவில் பூட் செய்து உள்ளே இருப்பதை முதலில் வேறொன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரைப் போட்டவர்கள் 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து வையுங்கள்; போர்டை மாற்றினால் அதைக் கேட்கும், இல்லாவிட்டால் தரவு திறக்காது.

மூடியைத் திறந்து ரேம், போர்டு, டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றின் லேபிளையும் சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுங்கள். கொடுக்கும் ரசீதில் அந்த நம்பர்களை எழுதச் சொல்லுங்கள். மாற்றும் ஒவ்வொரு பழைய பாகமும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று அதே ரசீதில் எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் கொடுக்காதீர்கள். நேர்மையாக வேலை செய்கிற மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

நான் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பவை அன்று எடுத்த திரைப் படங்கள், பில், டிஸ்க்கின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், என் டிஸ்க்கின் அட்டைப்பெட்டியில் இருந்த சீரியல் நம்பர். என் ஹார்டு டிஸ்க் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, அல்லது யாருக்கோ விற்கப்பட்டுவிட்டது. அதில் ஆவணங்கள் இருந்த வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் தகவல் சொல்லிவிட்டேன். பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் வேறொரு கருவியிலிருந்து மாற்றி, மின்னஞ்சலிலும் வங்கிக் கணக்கிலும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினேன். உங்கள் டிஸ்க்கும் இப்படிக் கைமாறியிருந்தால், புகார் எழுதுவதற்கு முன்னால் இந்த வேலையை முதலில் முடியுங்கள்.