ஹிட்டாச்சி டிஎம்4000 பிளஸ்: மேசைமேல் நிற்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எதுவரை தாங்கும்?

விற்பனைத் தாளில் 1,00,000 மடங்கு உருப்பெருக்கம் என்று போட்டிருக்கும். அதை நம்பி 15 நானோமீட்டர் துகளை அளக்க இதை வாங்கினால் ஏமாற்றம்தான். மைக்ரானில் தொடங்கி 100 நானோமீட்டர் பக்கம் வரைக்கும்தான் வேலை என்றால், இவ்வளவு தொந்தரவில்லாத எஸ்இஎம் (பரப்பை எலக்ட்ரான் கற்றையால் வருடிப் படமெடுக்கும் மைக்ரோஸ்கோப்) கிடைப்பது கஷ்டம்.

காரணம், உள்ளே எலக்ட்ரான்களை உமிழும் டங்ஸ்டன் இழை. 50,000 மடங்கில் ஒரு பிக்சல் சுமார் 2 நானோமீட்டருக்கு வந்துவிடும்; பீமின் (எலக்ட்ரான் கற்றையின்) புள்ளியோ அதைவிடப் பல மடங்கு பருமன். அதற்குமேல் குமிழைத் திருப்பினால் மங்கல்தான் பெரிதாகும். 20,000 மடங்கு வரை கிடைக்கும் படத்தைத் தாராளமாக நம்பலாம். 50 நானோமீட்டருக்குக் கீழே அளவு சொல்ல வேண்டுமா, எஃப்இ-எஸ்இஎம் (இன்னும் நுண்ணிய பீம் கொண்ட எஸ்இஎம்) அல்லது டிஇஎம்மிடம் (எலக்ட்ரான்கள் சாம்பிளை ஊடுருவிப் போகும் மைக்ரோஸ்கோப்) போங்கள்.

இன்னொரு குறை, பீமை முடுக்கும் வோல்டேஜ். 5, 10, 15 கிலோவோல்ட் என்று படிக்கட்டு மாதிரிதான் மாற்ற முடியும், 5-க்குக் கீழே இறங்காது. பாலிமரில் 5 கிலோவோல்ட் பீமே அரை மைக்ரான் ஆழம் இறங்கிவிடும். அதனால் மேல்தோலின் நுணுக்கம் கரைந்து, பொருள் கண்ணாடி போலத் தெரியும்.

பாராட்ட வேண்டியது லோ வேக்குவம், அதாவது அறையை முழு வெற்றிடமாக்காத முறை. அறைக்குள் விட்டுவைத்த கொஞ்சம் காற்று, பீம் பட்டு அயனியாகி, சாம்பிளில் தேங்கும் மின்சுமையைத் தணிக்கிறது. காகிதம், பீங்கான், துணி எல்லாம் தங்கப் பூச்சு இல்லாமலே பார்க்கலாம். பதிலுக்குப் படத்தில் கொஞ்சம் மணல் தூவிய மாதிரி இரைச்சல் வரும். 80 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் உயரம் வரை சாம்பிள் வைக்கலாம். உயரத்தை கேஜில் (அளவுகோலில்) பார்க்காமல் உள்ளே தள்ளினால் டிடெக்டரில் இடிக்கும். அந்தச் செலவு உங்களுடையது.

நானோ பவுடரை அப்படியே கார்பன் டேப்பில் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தெரிவது துகள் அல்ல, குவியல். ஒரு சிட்டிகைக்கும் குறைவாக எடுத்து, எத்தனாலில் 10 நிமிடம் சோனிகேட் செய்து (மீயொலியால் குலுக்கிப் பிரித்து), திரவம் லேசாகக் கலங்கித் தெரியும் அளவுக்கு நீர்க்க வைத்து, ஒரே ஒரு சொட்டு விடுங்கள். நன்றாக உலரட்டும். ஈரம் இருந்தால் வேக்குவம் ஏற நேரமாகும். மிஞ்சிய கரிமப் பொருளோ, பீம் நின்ற இடத்தில் கறுப்புச் சதுரமாகப் படியும்.

சொட்டு விடுவது எதன்மேல் என்பதும் முக்கியம். துத்தநாக ஆக்சைடைக் கண்ணாடி ஸ்லைடில் விட்டு இடிஎஸ் (வெளிவரும் எக்ஸ்-கதிரை வைத்துத் தனிமங்களைக் கண்டறியும் பகுப்பாய்வு) எடுத்தால் சோடியம், கால்சியம், சிலிக்கான் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எல்லாம் ஸ்லைடின் சரக்கு; 15 கிலோவோல்ட் பீம் 2-3 மைக்ரான் ஆழம் போவதால் 50 நானோமீட்டர் துகள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சிலிக்கான் வேஃபர் துண்டுக்கு மாறினாலும் மென்பொருள் தவறாகச் சோடியம் என்று பெயர் போட்டுவிடலாம். எக்ஸ்-கதிரில் துத்தநாகத்தின் எல் கோடு 1.01, சோடியத்தின் கே கோடு 1.04 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். 15 கிலோவோல்ட்டில் 8.64-இல் துத்தநாகத்தின் கே கோடு எழுகிறதா, பாருங்கள். எழுந்தால் அந்த 1.01 மேட்டுக்குத் துத்தநாகமே போதும். சோடியம் என்று எழுத வேறு ஆதாரம் வேண்டும். அதேபோல் பாஸ்பரஸ் தேடும் சாம்பிளுக்குத் தங்கம் பூசாதீர்கள். தங்கம் 2.12, பாஸ்பரஸ் 2.01, ஒன்றை ஒன்று விழுங்கும். கார்பன் பூசுங்கள்.

இரும்பு ஆக்சைடு போன்ற காந்தப் பவுடர் என்றால் கூடுதல் கவனம். லென்ஸின் காந்தப்புலம் ஒட்டாத துகளை மேலே இழுத்துக்கொண்டால், அதன் பிறகு ஃபோகஸும் ஆஸ்டிக்மாட்டிசமும் (படம் ஒரு திசையில் இழுபடும் குறை) என்ன செய்தாலும் சரிவராது. உலர்ந்த ஸ்டப்பை (சாம்பிள் ஒட்டிய சிறு மேடையை) கவிழ்த்துத் தட்டி, ரப்பர் ஊதுபந்தால் ஊதிய பிறகே உள்ளே வையுங்கள்.

பராமரிப்பு சுலபம். இழை முன்கூட்டியே மையப்படுத்திய கார்ட்ரிட்ஜாக வருகிறது, மாணவரே மாற்றலாம். சாதாரண பிளக் போதும், ஆனால் யுபிஎஸ் இல்லாமல் ஓட்ட வேண்டாம். விலை கேட்கும்போது இடிஎஸ்ஸையும் சேர்த்துக் கேளுங்கள். அது தனிக் கணக்கு.