1915-ஆ, நுகர்வோர் ஆணையமா? ஒழுகிய வாஷிங் மெஷினும் ஒரு ஓடிபியும்

ஆடித் தள்ளுபடியில் 21,500 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினோம். நாலாம் நாள், துணி பிழியும் சுற்று வந்ததும் அடியிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. கம்பெனி மெக்கானிக் இரண்டு தடவை வந்து போனார். இரண்டு தடவையும் அடுத்த துவைப்பிலேயே பழைய கதை. கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மேனேஜர் பில்லைப் புரட்டி அடியில் இருந்த வரியைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.'

"அதுவும் ஆடி ஆஃபர்ல எடுத்தது சார். ரிட்டர்ன்லாம் கிடையாது. நீங்க கம்பெனிகிட்ட பேசிக்கோங்க."

இந்த இடத்தில் நிற்கிறவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இன்னொன்று, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நான் இரண்டிலும் நடந்து பார்த்தவன். பணம் வந்தது இரண்டாவது வழியில். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப்போவதில்லை.

முதலில் அந்த பில் வரியைப் பற்றி. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். ஆடி ஆஃபருக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. ஆனால் இது குறையுள்ள பொருளுக்குத்தான். நிறம் பிடிக்கவில்லை, மச்சினன் வீட்டில் இதைவிடப் பெரிசாக வாங்கியிருக்கிறார்கள் என்று போய் நின்றால் சட்டம் கைகொடுக்காது.

1915-க்கு அழைப்பது சுலபம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுக்கிறார்கள், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. பில்லைப் படமெடுத்து அனுப்பியதும் புகார் எண் கொடுத்தார்கள். புகாரை அவர்கள் கம்பெனிக்கு அனுப்புவார்கள், கம்பெனி பதில் போடும். அவ்வளவுதான் அதன் வேலை. 'பணத்தைக் கொடு' என்று உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் நமக்காகப் போய்ப் பேசிப் பார்ப்பது மாதிரி. எதிராளிக்குத் தன் பெயர்மேல் அக்கறை இருந்தால் கேட்பான்.

குறை சொல்லவில்லை. ரீஃபண்ட் கொடுக்கிறோம் என்று ஆன்லைன் கடை ஏற்கெனவே ஒப்புக்கொண்டு, பணம் மட்டும் கணக்கில் ஏறாமல் இழுத்தால் 1915 போதும். பெரிய நிறுவனங்கள் பல இதில் இணைந்திருக்கின்றன. அந்த மாதிரிப் புகார்களை வைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கே சங்கடம். 'மெஷினில் குறையே இல்லை' என்று எதிர்தரப்பு சாதிக்கும்போதுதான் இந்த வழி முட்டுச்சந்தில் நிற்கிறது.

என் விஷயத்தில் 1915 ஒரு நல்லது செய்தது. புகார் போய்ச் சேர்ந்த ஆறாம் நாள் மெக்கானிக் மூன்றாம் தடவையாக வந்தார், அதுவும் நாங்கள் கூப்பிடாமலே. மெஷினைச் சாய்த்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு சுற்று ஓடவிட்டார். தாள் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம் தெரிந்தது. பிழியும் சுற்று முடிவதற்குள் முழுத் தாளும் ஊறிவிட்டது. "டப் சீல் போயிருக்கு. ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டுடறேன்" என்று எழுந்து, வழக்கம்போல் அம்மாவிடம் கேட்டார்:

"உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா."

விஷயமே இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் இரண்டு தடவையும் அம்மா அந்த நம்பரைச் சொல்லிவிட்டார். வந்து போனதற்கு அடையாளம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனிக் கணக்கில் அதற்கு அர்த்தம் வேறு. ஓடிபி சொன்னால், 'குறை சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி' என்று புகார் மூடப்படும். அதாவது மெஷின் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே, ஒழுகவில்லை என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

நல்லவேளை, மூன்றாம் தடவை நான் வீட்டில் இருந்தேன். ஓடிபி வந்த செய்தியைத் திறந்து முழுசாகப் படித்தால், 'சேவை திருப்திகரமாக முடிந்திருந்தால் மட்டும் பகிரவும்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. வாசித்துக் காட்டினேன். அம்மா நிதானமாகச் சொன்னார்: "முதல்ல ஒழுகறது நிக்கட்டும் தம்பி, அப்புறம் நம்பர் சொல்றேன்."

"ஆபீஸ்ல கேப்பாங்கம்மா…" என்று அவர் தலையைச் சொறிந்தார். பாவம், அவர்மேல் கோபமில்லை. மூடுகிற புகார்களைத்தான் மேலே கணக்குக் கேட்பார்கள் போல. கடைசியில், வந்து பார்த்த வேலையைக் குறித்துத் தரும் ஜாப் கார்டில் 'தண்ணீர்க் கசிவு, டப் சீல் பழுது, பார்ட் பெண்டிங்' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஊறிய செய்தித்தாளோடு சேர்த்து வீடியோவும் எடுத்து வைத்தேன்.

இரண்டு நாளில் 1915 வழியாகக் கம்பெனியின் பதில் வந்தது. 14-ஆம் தேதியே பழுது நீக்கப்பட்டு, வாடிக்கையாளர் ஓடிபி மூலம் உறுதி செய்துவிட்டார் என்றிருந்தது. அவர்களின் ஆளே 27-ஆம் தேதி வந்து எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உதவி எண்ணில் இருப்பவர்களால் இதை விசாரித்து யார் சொல்வது பொய் என்று தீர்மானிக்க முடியாது. ஆணையத்துக்குப் போங்கள் என்றார்கள். நியாயமான பதில்தான்.

நடுவில் வக்கீல் நோட்டீஸ் என்று ஒன்று உண்டே என்பார்கள். இப்போதைய சட்டத்தில் அது கட்டாயமில்லை. நானே ஒரு பக்கம் எழுதி, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டேன். பதில் வரவில்லை. பதில் வராததும் பிறகு ஒரு சாட்சியாகத்தான் உதவியது.

சரி, ஆணையம். செலவுதான் முதல் பயம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நாமே பேசலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இது 2019 சட்டம் கொடுத்த பெரிய சௌகரியம். குறை தெரிந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 1915-இல் புகார் கிடக்கிறதே என்று காத்திருந்தால் அந்தக் கணக்கு நமக்காக நிற்காது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். எனக்கு மனு எழுத இரண்டு மாலைகள் ஆயின. கூடவே பிரமாணப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, மூன்று ஜாப் கார்டு, ஓடிபி செய்தியின் படம், 1915 பதில்.

மனு எழுதும்போது ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். கம்பெனியை மட்டும் எதிர்தரப்பாகப் போட்டிருந்தேன். ஏற்கெனவே ஒரு வழக்கு நடத்திய நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "பணத்த வாங்கினது யாரு? அவன விட்டுட்டு வழக்குப் போட்டா எப்படி?" என்றார். கடை 1, கம்பெனி 2 என்று மாற்றினேன். 'கம்பெனிகிட்ட பேசிக்கோங்க' என்ற ஆட்டம் அங்கே செல்லாது. பில் போட்டவர் வந்து பதில் சொல்லியாக வேண்டும்.

இனி, ஆணையத்தில் என்ன நடந்தது. எழுத்துப்பூர்வ பதில் தர எதிர்தரப்புக்கு 30 நாள், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-இல் சொல்லிவிட்டது. கடைசி வாரத்தில் இருவரும் பதில் போட்டார்கள். கடை, 'நாங்கள் வெறும் விற்பனையாளர்' என்றது. கம்பெனி மறுபடி அதே ஓடிபியைத் தூக்கிக்கொண்டு வந்தது. கூடவே, 'உற்பத்திக் குறை என்பதற்கு நிபுணர் அறிக்கை இல்லை' என்று ஒரு வரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வரிதான். பரிசோதனை இல்லாமல் குறையைச் சொல்ல முடியாது என்று பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தச் செலவுக்கு முதலில் பணம் கட்ட வேண்டியது புகார்தாரர்.

அது தேவைப்படவில்லை. தலைவர் மூன்று ஜாப் கார்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "14-ஆம் தேதி சரியாயிடுச்சுன்னா, 27-ஆம் தேதி உங்க ஆளே சீல் போச்சுன்னு ஏன் எழுதினார்?" என்று கேட்டார். கம்பெனி வக்கீல் அடுத்த வாய்தா கேட்டார். அடுத்த வாய்தாவில் சமரசத்துக்கு வந்துவிட்டார்கள். விலை 21,500 முழுசாக, செலவுக்கு 3,000. மன உளைச்சலுக்கு என்று 25,000 கேட்டிருந்தேன். அதை விட்டுக்கொடுத்தேன். சிலர் அதற்காகத் திட்டினார்கள்.

நிபுணருக்குப் பதில் கம்பெனி மெக்கானிக்கின் கையெழுத்தே எனக்கு நிபுணர் அறிக்கை ஆகிவிட்டது. 1915-க்கும் ஆணையத்துக்கும் உள்ள வித்தியாசமாக நான் பார்ப்பதும் இதுதான். இரண்டு இடத்திலும் நான் கொடுத்த காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றே. ஓர் இடத்தில் அவை கம்பெனிக்கு அனுப்பப்பட்டன. இன்னோர் இடத்தில் ஒருவர் கம்பெனியை எதிரில் நிற்கவைத்துப் படித்தார்.

காலம்தான் இதில் பெரிய நஷ்டம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதம், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஆடியில் தொடங்கியது பங்குனியில் முடிந்தது. மூன்று நாள் லீவு போட்டேன். அத்தனை மாதமும் வீட்டில் துணி கையால்தான் துவைத்தோம். 800 ரூபாய் அயர்ன் பாக்ஸுக்காக இவ்வளவு அலைவேனா என்றால் மாட்டேன். 1915-இல் சொல்லிவிட்டு, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவேன். ஐந்தாயிரத்துக்கு மேல் போனால் யோசிக்காமல் ஆணையம்தான். இந்த எல்லைக்கோடு என் சம்பளத்தையும் என் பிடிவாதத்தையும் வைத்துப் போட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. எதிர்தரப்பு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் 45 நாளுக்குள் செய்ய வேண்டும், உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். இதெல்லாம் புத்தகத்தில் படித்தது, பட்டறிந்ததல்ல. பிடிவாதமான கடையோடு கடைசி வரை மோதியவர்கள் சொல்வது வேறாக இருக்கலாம்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் மெஷினைத் திரும்ப எடுத்துப்போக இரண்டு பையன்கள் வந்தார்கள். பால்கனியிலிருந்து இறக்கி, கயிறு கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டு, ஒருவர் மேலே வந்து அம்மாவிடம் ஓடிபி கேட்டார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் போனை வாங்கி, வங்கியிலிருந்து வந்த செய்தியில் 24,500 என்று இருப்பதை விரல் வைத்துப் படித்தார். அப்புறம்தான் நம்பரைச் சொன்னார்.