ஸ்பீக்கர் டெமோவும் போலி ரூம் ரிப்போர்ட்டும்: வாங்கப் போகிறவர்கள் உஷார்

விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள், அதிலும் சின்ன அறையில் பாட்டுக் கேட்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். என் அறையை அளந்து தயாரித்ததாகச் சொல்லி, வேறு ஓர் அறையின் அளவீட்டைக் கையில் கொடுத்து எனக்கு ஸ்பீக்கர் விற்றிருக்கிறார்கள். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

என் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம். பார்த்து வைத்திருந்தது இரண்டு ஜோடி. ஒன்று ஸ்டாண்டில் வைக்கிற இருவழி ஸ்பீக்கர் (தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்று இரண்டு யூனிட்); ஆறரை அங்குல வூஃபர், போர்ட் (காற்று வந்துபோகும் துளை) இல்லாத மூடிய பெட்டி. இன்னொன்று ஆளுயர மூவழி டவர், அதாவது நடு ஒலிக்கும் தனி யூனிட் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு எட்டு அங்குல வூஃபர், பின்பக்கம் போர்ட். சின்னதைக் கடை வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் போட்டுக் காட்டினார்கள். டவரை உள்ளே ஒலி உறிஞ்சும் பலகைகள் பதித்த பெரிய ஹாலில் வைத்துக் காட்டினார்கள். இரண்டையும் ஒரே அறையில் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "இந்த ஹாலுக்கு அந்தச் சின்னது பத்தாது சார்" என்றார் விற்பனையாளர்.

அவர் சொன்னது உண்மைதான். அப்படியென்றால் இந்த ஹாலுக்குப் பொருந்துகிற டவர் என்னுடைய சின்ன அறையில் என்ன ஆகும் என்று உடனே கேட்டேன். "அதுக்குத்தான் ரூம் ரிப்போர்ட். நாங்களே வந்து அளந்து கொடுத்துடுவோம்" என்று பதில் வந்தது.

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு டெமோவிலும் ஒரே ஆம்ப்ளிஃபயர் மாடல். "வால்யூம் ஒரே அளவுலதான் இருக்கு, பாருங்க" என்று காட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சின்னதின் சென்சிட்டிவிட்டி (ஒரே மின் உள்ளீட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 86 டெசிபல், டவருடையது 90. வால்யூமைத் தொடாமலே டவர் 4 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு அதிகம்' என்று எடுத்துக்கொள்ளும். கண்ணும் சேர்ந்து ஏமாற்றும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் போட்ட மதிப்பெண்ணும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது போட்ட மதிப்பெண்ணும் வேறு வேறாக இருந்தன. உருவத்தில் பெரியது, அழகானது என்றால் மனசு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இதெல்லாம் விற்பவர்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை.

சரி, அளக்க ஆள் வந்தார். டேப் பிடித்து நீள அகலம் குறித்தார், இரண்டு தடவை கை தட்டிப் பார்த்தார், கிளம்பிவிட்டார். பின்னாலேயே வண்ண வரைபடத்தோடு, என் பெயர் போட்ட ரிப்போர்ட் வந்தது. 'இந்த மாடல் இந்த அறைக்குப் பொருத்தமானது' என்று முத்திரை வேறு. மீதிப் பணம் போனது, டவர் வந்தது.

முதல் பாட்டிலேயே பேஸ் கிட்டார் கெட்டுப்போயிருந்தது. சில சுரங்கள் அறை முழுக்க வீங்கி நின்றன, பக்கத்துச் சுரம் இருந்த இடமே தெரியவில்லை. பாடுகிறவர் குரல் மேலே ட்வீட்டரிலிருந்து ஒரு பங்கு, கீழே வூஃபரிலிருந்து ஒரு பங்கு என்று பிரிந்து வந்தது. நான் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டர்கூட இல்லை. உயரமான டவரில் தள்ளித் தள்ளிப் பொருத்திய யூனிட்டுகளின் ஒலி ஒன்றாகக் கலக்க அந்தத் தூரம் போதாது.

போன் செய்தால், "ரன்-இன் ஆகணும் சார், நூறு மணி நேரமாவது ஓட விடுங்க" என்றார்கள். வூஃபரின் கூம்பைத் தாங்கும் பகுதி ஓட ஓடக் கொஞ்சம் தளர்வது உண்மை. ஆனால் என் அறையின் 3 மீட்டர் அகலத்தில் 57 ஹெர்ட்ஸில் எழும் நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மோதித் திரும்பி, ஒரே இடத்தில் வீங்கி நிற்பது) எத்தனை மணி நேரம் ஓடினாலும் மாறப்போவதில்லை. ஸ்பீக்கர் பழகலாம், சுவர் பழகாது. அவர்கள் சொன்னபடி ஓடவிட்டு முடிப்பதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. ரன்-இன் என்ற பேச்சு எதற்கு வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்து இன்னும் விற்கப் பார்த்தார்கள். கூர்முனை ஸ்பைக், புது கேபிள், அப்புறம் சுவரில் ஒட்ட 5 சென்டிமீட்டர் ஃபோம். 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 மீட்டர். அதை 5 சென்டிமீட்டர் ஃபோம் தடுக்கும் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ஃபோம் உறிஞ்சுவது மேல்பகுதி ஒலியை மட்டும்தான்; மேலே குறையக் குறையக் கீழே உள்ள இரைச்சல்தான் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதில் 'அறை நீளத்தின் முதல் அதிர்வு: 28.5 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தது, அதாவது நீளவாக்கில் எழும் மிகத் தாழ்ந்த நிலையலை. இதைச் சரிபார்க்கக் கருவியே வேண்டாம். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 4 மீட்டருக்கு 43 ஹெர்ட்ஸ் வரும். அகலத்துக்கு 57, உயரத்துக்கு 61. என் அறையில் 43-க்குக் கீழே நிலையலைக்கு வழியே இல்லை. 28.5 வர வேண்டுமென்றால் நீளம் 6 மீட்டர் இருக்க வேண்டும். அவர்களுடைய டெமோ ஹாலின் நீளம், அவர்களே விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள், 6 மீட்டர்!

மனசு ஆறாமல் அளவீட்டு மைக் ஒன்று ஏற்பாடு செய்து, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் நானே அளந்தேன். வரைபடத்தில் 43-இல் ஒரு மேடு, அதாவது அந்த அதிர்வெண்ணில் ஒலி மிகுந்திருந்தது. 57-உம் 61-உம் ஒட்டிக்கொண்டு பெரிய மேடு. பேஸ் கிட்டார் வீங்கிய இடம் அதுதான்.

இதை வைத்து டவர் மோசமான ஸ்பீக்கர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய ஹாலில் அது அருமையாகவே பாடியது. ஒவ்வொரு வடிவமும் ஓர் இடத்தை மனதில் வைத்துத்தான் பிறக்கிறது. 1946-இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர் அறையின் மூலையையே தன் ஹார்னின் (ஒலியைப் பெருக்கும் விரிந்த குழல்) நீட்சியாகப் பயன்படுத்துகிறது. மூலை இல்லாவிட்டால் அது பாதி ஸ்பீக்கர்தான். 1957-இன் குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் முன்னும் பின்னும் ஒலிப்பது. சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போகிற ஒலி திரும்பி வந்து முன்னதைக் கெடுக்கும். பிபிசியின் சின்ன எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்க உருவானது. மூடிய பெட்டியில் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெதுவாக இறங்கும், அதிர்வெண் பாதியாகும் ஒவ்வோர் ஆக்டேவுக்கும் 12 டெசிபல். போர்ட் வைத்ததில் 24. சின்ன அறை அடிமட்ட பேஸைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் மூடிய பெட்டியின் இறக்கம் அதோடு ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். போர்ட் வைத்த பெரிய டவர் ஏற்கெனவே நிறைய பேஸ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அறையும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அறைக்குச் சரியான ஜோடி அந்தக் கண்ணாடி அறையில் இருந்ததுதான். கண்ணாடிக்கு நடுவில் அதை அலற விட்டதில் அதன் மேல் ஆசை வராதபடி பார்த்துக்கொண்டார்கள்.

டவரின் போர்ட்டை ஃபோம் அடைப்பால் மூடி, ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) மேடுகளைக் குறைத்துத்தான் இப்போது ஓட்டுகிறேன். மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை ஈக்யூவால் நிரப்ப முடியாது. காணாமல் போன சுரங்கள் காணாமல் போனவைதான்.

இதேபோல் வாங்கப் போகிறவர்கள் இரண்டு ஜோடியையும் ஒரே அறையில், உட்காரும் இடத்தில் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, சத்த அளவைச் சமப்படுத்தியபின் கேளுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். முழுப் பணம் கொடுக்கும் முன் உங்கள் அறையில் வைத்துக் கேட்க விடச் சொல்லுங்கள். ரன்-இன் தேவை என்றால், திருப்பும் கெடு அது முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும் என்று எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட் கொடுத்தால் படத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், மென்பொருள் பதிவு செய்த அளவீட்டின் மூலக் கோப்பைக் கேளுங்கள்.

கடைக்காரர்கள் 'பயன்படுத்திய பொருள்' என்று பெரிய தொகையைக் கழித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் ரிப்போர்ட்டையும் என் அளவீட்டையும் சேர்த்து அனுப்பி, மூலக் கோப்பைத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன்.