பாங்காக் பும்ருங்ராட் மருத்துவமனை: பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்

தாய்லாந்து சுற்றுலாவில் காய்ச்சலோடு படுத்துவிட்டால், சுகும்வித் சாலையின் சோய் 3-இல் (மூன்றாம் சந்தில்) உள்ள பும்ருங்ராட் நம்பிப் போகக்கூடிய இடம். ஆங்கிலம் போதும், மொழிபெயர்ப்பாளரும் உண்டு. டெங்குவாக இருக்கலாம் என்பதால் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்; பாராசிட்டமால் மட்டும்.

தனியார் மருத்துவமனை, செலவு கை கடிக்கும். சேரும் முன்பே உங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டு பாலிசி எண், பாஸ்போர்ட் நகல் கொடுங்கள். பணத்துக்கு அவர்கள் பொறுப்பேற்கும் கடிதம் வரும்வரை முன்பணம் கேட்கலாம். கார்டில் அதற்கு லிமிட் இருக்கட்டும். பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, பிரஷரை மறைத்திருந்தால் இங்கேதான் சிக்கல், கிளெய்மே போய்விடலாம். டிஸ்சார்ஜில் மருத்துவ அறிக்கை, விவரமான பில், ரசீது மூன்றையும் அசலாக வாங்குங்கள். விமானம் ஏறலாம் என்ற சான்றிதழையும் சேர்த்தே கேளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 1669.